எல்லோருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது

அட்மின் அக்கா, நீங்கள் டாக்டரிடம் பொய் சொன்னீர்கள். என் ரத்த அழுத்தத்தை நீங்கள் அளக்கவே இல்லை. அளந்ததாகச் சொன்னீர்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் மறுத்துப் பேச முடியவில்லை. என் நாக்கு அப்போது வாய்க்கு வெளியே இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கலிபோர்னியாவில், லிவர்மோர் ஊரில், எங்கள் பெண்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர் இந்த அக்கா. எங்கள் வட்டாரத்தில் எதையும் தனியாக வாங்கும் வழக்கம் இல்லை. மாம்பழம், முருங்கைக்கீரை, பட்டுப் புடவை, டாக்ஸ் போட்டுத் தருகிற ஆள், பிள்ளைகளுக்கு டிரைவிங் சொல்லித் தருகிறவர், எல்லாமே குழுவில்தான். அக்கா ஒரு செய்தி போடுவார். எனக்கும் ஒன்று என்று நாங்கள் கீழே ‘ப்ளஸ் ஒன்’ போடுவோம். கொரிய மருந்தும் அப்படித்தான் வந்தது. மாம்பழப் பெட்டிக்குப் போட்ட அதே ப்ளஸ் ஒன்னைத்தான் நான் என் நெஞ்சுக்கும் போட்டேன்.

சாண்டா கிளாராவில் ஒரு கொரிய வைத்தியர் இருக்கிறார். அவர்கள் நாட்டுப் பாரம்பரிய வைத்தியம் படித்தவர். நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி மூலிகைகளைச் சேர்த்து, கொதிக்க வைத்து வடித்து, சின்னச் சின்னப் பைகளில் அடைத்துத் தருவார். பசி அடங்கும், எடை இறங்கும். நம் ஊர் சித்த வைத்தியம் மாதிரிதான், பேக்கிங் மட்டும் நன்றாக இருக்கும். அக்கா அதில் இளைத்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். நவராத்திரிக்குப் போட்ட ரவிக்கையைப் பொங்கலுக்குப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. அவரும் அதை எல்லோரிடமும் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

மற்றவர்கள் ரவிக்கைக்காகப் போனார்கள். நான் என் அண்ணனுக்காகப் போனேன்.

அண்ணன் டெக்ஸாஸில், சுகர் லேண்டில் இருக்கிறார். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக்கொண்டு ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறார். அண்ணியுடையது பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி வீடியோவில் மிக மரியாதையாகச் சொன்னாள்: இந்த எடையோடு உங்களை ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டோம். இறக்கிவிட்டு வாருங்கள். ரத்த அழுத்தம்கூட எல்லையை ஒட்டி நிற்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ஏன் அம்மிணி, உன்ற கிட்னியக் கண்டுபுடிக்கறதுக்கே அவுங்களுக்கு மத்தியானம் ஆயிருமாட்ட இருக்குது” என்றார்.

“உன்னோடதக் கெடுத்துட்டு என்னோடதுக்கு வர்றவனுக்குப் பேச்சப் பாரு.”

“ஓசில வர்ற சாமான் அம்மிணி. எனக்கென்ன அவசரம். நீ மெல்ல எளச்சுட்டு வா.”

அவருக்கு அவசரம் இருந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்த நாளில் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் பேசிவிட்டு, அடுத்ததைச் சொல்ல மூச்சுக்குக் காத்திருப்பார். நடுவில் நான் ஏதாவது பேசி இட்டு நிரப்புவேன். அவர் சாப்பிட விரும்புகிற எதையும் சாப்பிட முடியாது, தண்ணீர்கூட அளந்துதான். நான் நடந்தேன், ஓடினேன், சோற்றை விட்டேன். எடை இறங்கியது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அந்த நேரத்தில்தான் குழுவில் அக்காவின் செய்தி.

“நேர்ல போக வேணாம்ப்பா. வீடியோவே போதும். டாக்டர் ஓகே சொல்லிட்டார். எல்லாரும் சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. நாக்கு பார்ப்பார், நீட்டா வாங்க.”

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. லிவர்மோரிலிருந்து சாண்டா கிளாரா போவதென்றால் சுனோல் மலையைத் தாண்டி 680 நெடுஞ்சாலையில் ஊர்ந்து போக வேண்டும். என் வீட்டுக்காரர் தினமும் வேலைக்கு அப்படிப் போய்விட்டு ஸ்டியரிங் பிடித்த கை விரியாமல் வீட்டுக்கு வருகிறவர். இதில் நான் வேறு எதற்கு?

நீட்டாக வரச் சொன்னார் அல்லவா? சனிக்கிழமை காலையில் நான் நாக்கு வழிப்பானை எடுத்து, ரத்தம் வராத குறையாக வழித்தேன். தினமும் வழிக்கிற நாக்குதான். டாக்டர் பார்க்கப் போகிறார் என்றால் இன்னும் இரண்டு இழுப்பு. குளியலறை வாசலில் நின்று என் மகள் பார்த்தாள்.

“அம்மா, இட்ஸ் எ வீடியோ கால். ஹீ கான்ட் ஸ்மெல் யூ.”

“வாய மூடு. மத்தவங்க முன்னாடி அழுக்கு நாக்க நீட்டச் சொல்றியா?”

அக்கா வீட்டுக்குப் போனால், அங்கே வந்திருந்த ஐந்து பேரும் அதையே செய்திருந்தார்கள். ஒருத்தி கூடுதலாக மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்திருந்தாள், பேசினால் புதினா வாசனை வந்தது. இன்னொருத்தி லிப்ஸ்டிக். நாக்கைப் பார்த்து வைத்தியம் சொல்கிற மனிதருக்கு, நாக்கைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுபோய் நீட்டுகிற கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

சமையலறை மேடையில் இட்லிக் குக்கரின் மேல் லேப்டாப்பை ஏற்றி வைத்திருந்தார் அக்கா. எதிரே ஒரு உயரமான ஸ்டூல். அதில் ஒவ்வொருத்தியாக ஏறி உட்கார வேண்டும். அக்கா பின்னால் அடுப்பருகே மெதுவடை போட்டுக்கொண்டிருந்தார். ஆம், எடை குறைக்கிற கூட்டத்துக்கு வடை. அதுவும் எண்ணெய் குடித்த வடை.

என் முறை வந்தது. திரையில் டாக்டர் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். தூக்கம் எப்படி, வயிறு எப்படி, வேர்க்குமா என்று மளமளவென்று கேட்டார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அவர் கேமராவுக்குக் கிட்டே வந்து “வெரி க்ளீன், வெரி குட்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, “பிளட் பிரஷர்?” என்றார்.

நான் நாக்கை உள்ளே இழுப்பதற்குள் பின்னாலிருந்து அக்கா, வடையைத் திருப்பிக்கொண்டே: “நார்மல் டாக்டர். ஒன் ட்வென்ட்டி பை எய்ட்டி. ஐ செக்ட் எவ்ரிபடி. ஆல் ஒன் ட்வென்ட்டி பை எய்ட்டி.”

நான் “ஆ” என்றேன். டாக்டர் “ஓகே, தேங்க்யூ, நெக்ஸ்ட்” என்றார்.

“அக்கா, எனக்கு பார்டர்லைன்னு சொன்னாங்க, அதச் சொல்லணும்” என்றேன்.

“இருப்பா, அவ பேசிட்டிருக்கா பாரு” என்றார் அக்கா. அதற்குள் புதினாக்காரி ஸ்டூலில் ஏறி நாக்கை நீட்டியிருந்தாள். எல்லாம் முடிந்து நான் லேப்டாப் பக்கம் போனபோது டாக்டர் போய்விட்டார். திரையில் அக்கா குடும்பம் யோசெமிட்டி பூங்காவில் நிற்கிற படம் இருந்தது.

“நான் அவருக்கு மெசேஜ் போட்டுடறேன், நீ கவலைப்படாத” என்று தட்டில் வடை வைத்து நீட்டினார் அக்கா. போட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருந்து பார்சலில் வந்தது. பழைய மரப்பெட்டியை ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி ஒரு சுவை. குடித்த நாளே பசி போய்விட்டது. போனது என்றால், பிரியாணியைப் பார்த்தால் வரைபடத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அது மட்டுமா, கை கால் சும்மா இருக்க மறுத்தது. கராஜைக் கழுவினேன். ஏணி போட்டு மின்விசிறியைத் துடைத்தேன். பக்கத்து வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த களையைப் பிடுங்கிவிட்டு அந்தப் பக்கத்துக் களையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கம் போயிற்று. படுத்தால் தலையணைக்குள் யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு ஓடுகிற சத்தம். அது என் நெஞ்சு.

குழுவில் எழுதினேன்: ‘எனக்குப் படபடப்பு இருக்கிறது, யாருக்காவது இருக்கிறதா?’

அக்கா பதில் போட்டார்: “அதான்ப்பா மருந்து வேலை செய்யுது. கொழுப்பு கரையறப்ப அப்படித்தான் இருக்கும்.” கூடவே நெருப்புப் படம், கையை மடக்கிப் பலம் காட்டுகிற படம்.

நம்பினேன். எடை நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டு, “கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு அம்மிணி. போதும் நிறுத்து, எனக்குக் கிட்னி மட்டும் வந்தாப் போதும்” என்றார். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஹூஸ்டனுக்குப் போனேன். எடை சரியாக இருந்தது. எந்த எடைக்காக அவர்கள் என்னைத் திருப்பி அனுப்பினார்களோ அந்த எடை சரி. பிறகு கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், அடுத்த கையில் சுற்றினாள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விளக்கைக் குறைத்து மறுபடி சுற்றினாள். பிறகு டாக்டர் அம்மா வந்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கஷாயம் என்றேன். கைப்பையில் ஒரு கஷாயப் பை இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்தார். அதில் ஒரு எழுத்தும் அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரிந்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “இதை நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் இறங்கி, நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத்தை இது தொட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதுவரை உங்களைக் கொடையாளியாக எடுத்துக்கொள்ள முடியாது” என்றார்.

வெளியே வராந்தாவில் அண்ணன் நின்றிருந்தார். சொன்னேன்.

“பரவால்ல அம்மிணி. அந்தச் சேர் எனக்குப் பழகிப்போச்சு. டிவி கூட நேரா தெரியறாப்புல போட்டிருக்காங்க.”

அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அந்தச் சண்டையைத்தான் நான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் நேராகச் சாண்டா கிளாராவுக்குப் போனேன், டாக்டரைப் பிடித்துக் கேட்க. மலை, 680, டிராஃபிக், எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே போனேன். கொரிய சாப்பாட்டுக் கடைக்கும் போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன கிளினிக். உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் பார்லித் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. சுருட்டி விட்டிருந்த குர்தாக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே வெளியே வந்தார், வேறு யார், அட்மின் அக்கா.

“நீ எங்கப்பா இங்க?” என்றார்.

“நீங்க எங்கக்கா இங்க? வீடியோவே போதும்னீங்க.”

“எனக்கு வேறப்பா. எனக்குக் கொஞ்சம் படபடன்னு வந்துச்சு. அதனால டாக்டர் மாசா மாசம் நேர்ல வரச் சொல்லிட்டார். நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, மருந்தக் கொறச்சு ஏத்தி…”

“எப்ப வந்துச்சு?”

“அது… போன வருஷம்.”

“நான் குரூப்ல படபடப்புன்னு எழுதினப்ப, கொழுப்பு கரையுதுன்னீங்களேக்கா.”

“எல்லாரையும் பயமுறுத்தச் சொல்றியா? ஒருத்திக்கு வந்தா ஊருக்கே வரணுமா?”

“என் பிரஷர அளந்தீங்களா?”

“ஏம்ப்பா, ஆறு பேருக்கும் பட்டையச் சுத்திட்டு உக்காந்திருந்தா வடை ஆறிப்போயிருக்கும். எல்லாருக்கும் அந்த நம்பர்தானே இருக்கும். உங்களுக்கு நல்லது பண்ணலாம்னு பார்த்தா, வாசல்ல நிக்க வெச்சு கேள்வி கேக்கற.”

“எங்கண்ணனுக்கு நான் குடுக்க இருந்த கிட்னி நின்னுபோச்சுக்கா.”

அவர் கார்ச் சாவியைத் தேடினார். சாவி கையிலேயே இருந்தது. “கோயில்ல பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரிடம் கத்துவதற்காகத்தான் போயிருந்தேன். அவர் என் கையை ஒரு சின்னத் தலையணையில் வைத்து, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம். அடுத்த கை. ஒருவர் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால் கத்த முடிவதில்லை. பிறகு பட்டையைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, இதைத் தேய்ப்பீர்களா என்று கேட்டார். தினமும் என்றேன், எங்களில் எல்லோரும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தட்டைக் கழுவிவிட்டு வந்து, நான் என்ன சாப்பிட்டேன் சொல் என்று கேட்கிறீர்கள்” என்றார். நாக்கின் மேல் படிவது அவருக்கு வேண்டும், அதை வைத்துத்தான் பாதி முடிவு என்றார். அந்தக் கஷாயத்தில் நெஞ்சை விரட்டுகிற செடி ஒன்று உண்டு, ரத்த அழுத்தம் எல்லையில் இருக்கிறவளுக்கு அதைக் கொடுத்திருக்கவே மாட்டேன் என்றார்.

“அப்புறம் எதுக்குக் குடுத்தீங்க?” இதை ஆங்கிலத்தில் கேட்டேன், கொஞ்சம் சத்தமாக.

முதல் முறை நேரில் பார்ப்பதுதான் தன் வழக்கம் என்றார். உங்கள் தோழிதான், ‘எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், மலை தாண்டி வர முடியாது, என்னிடம் மெஷின் இருக்கிறது, நானே அளந்து சொல்கிறேன்’ என்றாள் என்றார்.

“ஆறு பேருக்கும் ஒரே நம்பர் சொன்னாளே, உங்களுக்குச் சந்தேகம் வரலயா?”

“ஆரோக்கியமான குடும்பம் என்று சந்தோஷப்பட்டேன்” என்றார். நாங்கள் ஆறு பேரும் அக்காதங்கைகள் என்று நினைத்திருக்கிறார். அவரும் தப்பிக்க முடியாது. முன்பின் பார்த்திராத ஒருத்திக்கு, வடை சுடுகிறவள் சொன்ன எண்ணை வைத்து நெஞ்சை விரட்டுகிற மருந்து கொடுத்தார். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். இனி முதல் முறை நேரில் வராத யாருக்கும் மருந்து கிடையாது என்றார். எனக்கு மறுபடி மருந்து தரவும் மறுத்துவிட்டார். அந்த மறுப்பில்தான் எனக்கு அவர் மேல் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

வீடியோ வைத்தியமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்காரர்களும் இப்போது வீடியோவில்தான் என்னைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு மெஷின் அனுப்பினார்கள். நான் பட்டையைச் சுற்றுவதிலிருந்து அந்த நர்ஸ் பார்க்கிறாள். “முழங்கையை மேஜை மேல் வையுங்கள், பேசாதீர்கள், எண்ணை என் பக்கம் திருப்புங்கள்” என்கிறாள். என் வாய்வார்த்தையை அவள் எழுதிக்கொள்வதே இல்லை. டெக்ஸாஸில் இருக்கிறவள் லிவர்மோரில் இருக்கிற என் கையை விடுவதில்லை. பத்தடி தூரத்தில் அடுப்பருகே நின்ற அக்கா என் கையைத் தொடக்கூட இல்லை.

ரத்த அழுத்தம் மெல்ல இறங்குகிறது. எடை மெல்ல ஏறுகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்று யாருக்கும் தெரியாது. மறுபடி அளந்து முடிவு சொல்வார்கள். அதுவரை அண்ணன் அந்த நாற்காலியில், நேராகத் தெரிகிற டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் குழுவில் புதுச் செய்தி. சாண்டா கிளாரா டாக்டர் நேரில் வரச் சொல்லித் தொந்தரவு செய்கிறாராம். அதனால் அக்கா லாஸ் ஏஞ்சலஸில் இன்னொருவரைப் பிடித்திருக்கிறார். முழுக்க வீடியோதானாம். சனிக்கிழமை எல்லோரும் வர வேண்டுமாம். கீழே ப்ளஸ் ஒன் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆன்ட்டி. அவர் மாத்திரை வாங்கும்போது பார்மஸியில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருக்கிறேன்.

நடந்ததை எல்லாம் நான் குழுவில் எழுதினேன். எழுதி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள், அந்தச் செய்தியை அட்மின் நீக்கினார் என்று வந்துவிட்டது. பிறகு எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி: “இதெல்லாம் குரூப்ல வேணாம்ப்பா. நேர்ல பேசிக்கலாம்.”

அக்கா, நாடி பார்க்க வீடியோ போதும், நாக்குப் பார்க்க வீடியோ போதும், பதில் சொல்ல மட்டும் நேரில் வர வேண்டுமா? வர மாட்டேன். கோயில் கார் பார்க்கிங்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கண் கலங்குவதைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

நான் எழுதியதை நீக்கினீர்களே, அதே குழுவில், எல்லோரும் படிக்கிற இடத்தில், இந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் எழுதுங்கள். அன்றைக்கு யாருடைய கையில் பட்டையைச் சுற்றி அளந்தீர்கள்? உங்கள் நெஞ்சு படபடத்ததை ஏன் எங்களிடம் மறைத்தீர்கள்? எங்களை ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் ஏன் மாதா மாதம் மலை தாண்டிப் போனீர்கள்? அந்த ஆன்ட்டி படிக்கட்டும். புதினாக்காரி படிக்கட்டும். என் அண்ணனையும் குழுவில் சேர்த்துவிடுங்கள், அவரும் படிக்கட்டும். பதில் சொல்லுங்கள்.